தலைமடை நாட்டின் பிரதிநிதி

டெல்லியில் நான் படித்த முதுகலைப் படிப்புக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. பொது நிர்வாகம், பன்னாட்டு உறவு, கொள்கை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. "கலெக்டருக்கு மேல ஒரு படிப்பு" என்று ஊரில் சொல்லிவைத்தாள். கலெக்டருக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, அது வேறு தடம் என்று நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. அதைப் படித்து முடித்தவர்கள் தூதரகங்களிலும், அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகங்களிலும் போய் உட்கார்ந்துகொண்டு, தாங்கள் கண்ணால்கூடப் பார்த்திராத ஜனங்களுக்கு எது நல்லது என்று எழுதுவார்கள். அதற்கான பயிற்சிதான் அது. நான் அதில் கெட்டிக்காரியாகவும் இருந்தேன்.

இரண்டாம் வருடத்தில் பேச்சுவார்த்தை என்று ஒரு பாடம். அதற்குக் கடைசிப் பரீட்சை எழுதுவது கிடையாது. கற்பனையாக ஒரு தகராறைக் கொடுப்பார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் நின்று வாதாட வேண்டும். அந்த வருடம் எங்களுக்குக் கொடுத்தது ஒரு கற்பனை ஆறு. ஆற்றின் மேலே ஒரு நாடு, கீழே ஒரு நாடு. மேலே அணையை மூடிவிட்டார்கள், கீழே பயிர் காய்கிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால், ஒன்று தலைமடை நாடு, இன்னொன்று கடைமடை நாடு. ஆசிரியர்கள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு உயரமான மேஜைக்குப் பின்னால் நடுவர் மன்றமாக உட்கார்ந்தார்கள். எங்களுக்கு முன்னால் கொடி, பெயர்ப்பலகை, தண்ணீர் பாட்டில். இந்த ஜோடனைகளில் எங்கள் துறைக்கு ஏக ஆசை. ஒரு ஆள் மூலையில் நின்று எல்லாவற்றையும் படம் வேறு பிடித்துக்கொண்டிருந்தார்.

குலுக்கிப் போட்டதில் எனக்குத் தலைமடை நாடு வந்தது. பேராசிரியருக்கு என் ஊர் தெரியும். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடலுக்குப் போகிற வழியில், காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கிற இடம் என்று நானே ஒருமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். "உனக்குச் சங்கடமாக இருந்தால் மாற்றித் தருகிறேன்" என்றார். வேண்டாம் என்றேன்.

எனக்கு எதிரே கடைமடை நாட்டுக்காக நின்றவன் ஒரு பெரிய அதிகாரியின் மகன். மூன்று கண்டங்களில் வளர்ந்தவன். வெடித்த நிலம், விவசாயியின் கண்ணீர், தாய்மார்களின் தாலி என்று அவ்வளவு அழகான ஆங்கிலத்தில் உருகினான். நடுவர்களில் ஒரு அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைமடையை அவனுக்கு என்ன தெரியும்? எழுந்து நின்று நான் பேசியது ஏறக்குறைய இதுதான்:

"உங்கள் கடைமடை காய்கிறது என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் அணை நிறையத் திறந்துவிட்ட வருடத்திலும் அது காய்ந்ததே, ஏன்? உங்கள் எல்லைக்குள் தண்ணீர் நுழைகிற இடத்தில் இருக்கும் பெரிய நிலக்காரர்கள் தங்கள் மடையை அடைப்பதே இல்லை. வயல் நிரம்பி வடிகாலில் ஓடினாலும் அடைப்பதில்லை. முறை வைத்துப் பாய்ச்சுவது என்று ஒரு ஏற்பாடு உங்களிடம் உண்டு, அது அவர்களைக் கட்டாது. கடைசியில் இருப்பவன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நின்றால்தான் அவனுக்குத் தண்ணீர். உங்களுக்குள்ளேயே பங்கு வைத்துக்கொள்ளத் தெரியாத நீங்கள், எங்களிடம் பங்கு கேட்டு எந்த முகத்தோடு வந்திருக்கிறீர்கள்?"

அவன் காகிதங்களைப் புரட்டினான். கொடுக்கப்பட்ட குறிப்பில் இந்தத் தகவல் எதுவும் இல்லை என்று ஆட்சேபம் சொன்னான். "எங்கள் நாட்டு உளவுத் துறையின் அறிக்கை" என்றேன். மன்றம் சிரித்தது. நான் ஜெயித்தேன். பேராசிரியர் கைகொடுத்து, உனக்கு இரக்கம் என்பதே கிடையாது, நன்றாக வருவாய் என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எதிலும் வந்ததில்லை.

உளவுத் துறை என்று நான் சொன்னது என் அப்பாவை. ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தால் அவருக்கு வேறு பேச்சே கிடையாது. தாத்தா எங்கள் வாய்க்காலின் தலைப்பில், தண்ணீர் முதலில் நுழைகிற இடத்தில் இருக்கும் பழைய மிராசு வீட்டில் பண்ணை வேலை பார்த்தவர். அப்பா திருப்பூரில் சாயப்பட்டறையில் கிடந்து, கைத்தோல் உரிந்து, அந்தக் காசில் அதே வாய்க்காலின் கடைசியில் கொஞ்சம் நிலம் வாங்கினார். கடைசி நிலம் என்பதால்தான் அவர் கைக்கு எட்டுகிற விலைக்கு வந்தது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் பார்த்த வேலை, தலைப்பிலிருந்து தண்ணீரைத் தன் வயல்வரை இழுத்து வருவது. நான் மன்றத்தில் பேசியதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. எல்லாம் அவர் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது.

ஆனால் அவர் அதை வீட்டுக்கு வெளியே சொன்னதே இல்லை. அதுதான் எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. வாய்க்காலுக்குள் என்ன சண்டை வேண்டுமானாலும் போடலாம், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவனை ஒருவன் துரத்தலாம், அம்மா அக்காவை இழுத்துத் திட்டலாம். அதிகாரி முன்னால் போய் நின்றால் மட்டும் தலைப்புக்காரன் கடைசிக்காரன் எல்லோருக்கும் ஒரே பேச்சு, மேலேயிருந்து தண்ணீர் வரவில்லை. இன்னார் மறிக்கிறார் என்று அதிகாரியிடம் பெயர் சொன்னவனுக்கு அப்புறம் ஒரு சொட்டு வராது. மாவட்டத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் ஒன்றைக்கூட அப்பா விட்டதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் மைக்கைப் பிடித்து, யாரையும் காட்டிக்கொடுக்காமல், மேலேயிருக்கும் அரசாங்கத்தை மட்டும் நார் நாராகக் கிழித்துவிட்டு வருவார். கடைமடைக்காரர்களுக்கு அவர்தான் வாய். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

துறையில் அந்தக் காணொளியை இணையத்தில் போட்டார்கள். மிராசு வீட்டு மருமகன் ஒருவர் துபாயில் இருக்கிறார். அவர் கண்ணில் அது எப்படிப் பட்டதோ தெரியாது. வாய்க்கால்காரர்கள் எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிட்டார், தமிழில் தன் குரலையும் சேர்த்து. "நல்லா பாருங்க. நடுவர் மன்றம். ஜட்ஜுங்க உட்காந்திருக்காங்க. நம்ம பண்ணையாள் பேத்தி அந்தப் பக்கத்துக்கு வக்கீலா நின்னு, நம்ம ஊர் சங்கதிய அவ்வளவும் எடுத்துக் குடுக்குறா."

அதை நம்பாமல் என்ன செய்வார்கள்? எங்கள் பக்கத்தில் நடுவர் மன்றம் என்ற வார்த்தை பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். பெற்றோர் காலத்திலிருந்து தொலைக்காட்சியில் கறுப்புக் கோட்டையும் அணையையும் மாற்றி மாற்றிப் பார்த்த ஜனம். இங்கேயும் கோட்டு இருந்தது, கொடி இருந்தது, அந்தப் பக்கத்துப் பலகைக்குப் பின்னால் நான் இருந்தேன்.

அம்மா போன் செய்தாள். "ஏன்டி, நீ அவங்க பக்கம் போய்ட்டியாமே?"

"அம்மா, அது பரீட்சைம்மா. விளையாட்டு மாதிரி."

"பரீட்சைக்கு எதுக்குடி ஜட்ஜு?"

மார்கழியில் விடுமுறைக்கு வந்தேன். மழை பாதியிலேயே நின்றுபோயிருந்தது. சம்பா கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் வயலில் ஈரம் இல்லாவிட்டால் கதிர் கதிராகவே நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, அவ்வளவும் பதர். அப்பாவின் வயலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் பிழைத்துக்கொள்ளும். தலைப்பில் மடைகள் திறந்தபடிக்குக் கிடந்தன, அங்கே வயலில் கொக்கு மேய்ந்துகொண்டிருந்தது. நான் வரும் வழியில் பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "சும்மா நாடகம் மாதிரிதானம்மா அது?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதை வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகப் போய் எனக்காக வாதாடியிருக்கிறார், பள்ளிக்கூடத்து நாடகத்தில் என் மகள் ராட்சசி வேஷம் போட்டால் அவள் ராட்சசியா என்று. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் விடவில்லை.

அந்த வாரம் குறைதீர் கூட்டம் வந்தது. நானும் கூடப் போனேன். பெரிய கூடம், மின்விசிறிச் சத்தம், ஆளுக்கொரு டீயும் பிஸ்கட்டும். மிராசு வீட்டுக்காரரும் தலைப்புக்காரர்களும் முன் வரிசையில் இருந்தார்கள். அப்பா மைக்கை வாங்கினார்.

"ஐயா, கடமடைக்கு இன்னும் தண்ணி வந்து சேரலைங்க. மேலேருந்து விடுற அளவு பத்தல..."

பாசனப் பொறியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். வயது என்னைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். "உக்காருங்க பெரியவரே. நாங்க விடுறது சரியாத்தான் விடுறோம். நடுவுல யாரு மறிக்கிறாங்கன்னு உங்க பொண்ணே டெல்லியில வெலாவாரியா சொல்லியிருக்கு. இங்கிலீஷ்ல. ரொம்ப நல்லா பேசுது. உங்களுக்குள்ள பங்கு வச்சிக்கத் தெரியாம எங்ககிட்ட எந்த முகத்தோட வர்றீங்க?"

கூடம் மொத்தமும் சிரித்தது. முன் வரிசை மட்டும் சிரிக்கவில்லை. அப்பா மைக்கைப் பிடித்தபடி நின்றார். தன்னுடைய வார்த்தை தன்னையே வந்து அடிக்கிறது என்று அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. புரியாமல் இருந்திருக்க முடியாது. மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் அவர் தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பூவன் பழம். எல்லா வருடமும் மிராசு வீட்டுக்குப் போகிறதுதான். இந்த முறை, "உன்னையும் கூட்டியாரச் சொல்லியிருக்காங்க" என்றார். மொபெட்டில் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துபோனேன்.

மிராசு வீட்டுக்காரர் அப்பாவைவிட வயதில் இளையவர். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். "வாங்க, வாங்க. உக்காருங்க. டெல்லி குளிரெல்லாம் எப்படி?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்பாவிடம் திரும்பி, "என்னப்பா, தட்ட அங்கயே வையி" என்றார். நான் உட்கார்ந்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"உங்க மேல எங்களுக்குக் கோவம்லாம் இல்லைங்க" என்றார் அவர். "படிச்சவங்க. யாரோ தப்பான தகவல் குடுத்திருப்பாங்க. எங்க ஊர்ல அப்படி எதும் கெடையாது, நான் பேசுனது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இந்தா, தம்பி போன்ல எடுத்துக்குவான். குரூப்புல போட்டா எல்லாருக்கும் மனசு ஆறிடும். மத்தியானமே மடைய அடைச்சிடுறோம்."

இதற்கெல்லாம் எங்கள் படிப்பில் வழி இருந்தது. யாருக்கும் முகம் கோணாமல், இரண்டு தரப்பும் தன் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு வாக்கியம் அமைப்பது எப்படி என்று ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது கற்பனை நாடு, அதில் வருகிற யாரும் இந்த ஊர்க்காரர் இல்லை. இவ்வளவு சொன்னால் போதும். வாயைத் திறந்தும் விட்டேன். அப்பா நின்றுகொண்டிருந்தது கண்ணில் பட்டது. அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க, சொல்றேன்" என்றேன்.

யாரும் அசையவில்லை. அப்பாதான் பதறிப்போனார். "நீ சும்மா இரும்மா. நான் நின்னா என்ன இப்ப?"

"நாற்காலியா? அவன் உக்கார மாட்டான்ங்க" என்று மிராசுக்காரர் சிரித்தார். "நாளைக்கு நாங்க போட்டாலும் உக்கார மாட்டான். பழக்கம். கேட்டுப்பாருங்க."

தம்பி என்று அவர் காட்டிய பையன் போனை நீட்டிப் பிடித்திருந்தான். போனைப் பார்த்தே பேசினேன். "நான் சொன்னது தப்பில்ல. ஒரு எழுத்து தப்பில்ல. உங்க வயல்ல கொக்கு மேயுது, எங்க வயல்ல வெரல் நுழையுது. நீங்களே போய்ப் பாருங்க."

போனைப் பிடித்திருந்தவன் அதைக் கீழே இறக்கினான். மிராசுக்காரர் தட்டை எடுத்துப்போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பால் பிடிக்கிற பயிர் அவர் கையில் இருந்தது.

அப்பா எனக்கும் போனுக்கும் நடுவில் வந்து நின்றார். "தம்பி, என்னய எடுப்பா" என்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு குறைதீர் கூட்டத்து மைக்கில் பேசுகிற அதே கணீர்க் குரலில் பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பொண்ணு டெல்லியில பொய் பேசிட்டா. படிச்ச திமிரு. எங்க வாய்க்கால்ல தலமடக்காரவங்க எங்களுக்கு ஒரு நாளும் தண்ணிய மறிச்சதில்ல. முறைப்படிதான் விடுறாங்க. எங்கப்பா காலத்துலேருந்து இவங்க போட்ட சோத்துலதான் நாங்க வளந்தோம்."

கடைசி வரியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. மிராசுக்காரரே கொஞ்சம் நெளிந்தார். "அட, அதெல்லாம் எதுக்குப்பா" என்றார். ஆனால் படம் பிடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அப்பா பாலத்தில் மொபெட்டை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே, "உனக்கு நாற்காலியா பெருசாப் போச்சு?" என்றார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். எனக்கு அவர்மேல்தான் ஆத்திரமாக வந்தது, அந்த வீட்டுக்காரர்மேல் வந்ததைவிட அதிகமாக. என்னைப் பொய்க்காரி என்று சொன்னதற்காக இல்லை. அவ்வளவு நன்றாகச் சொன்னதற்காக.

மத்தியானம் மடைகளை அடைத்தார்கள். சாயங்காலம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, கலங்கலாக, இலையும் பிளாஸ்டிக்கும் தள்ளிக்கொண்டு. அப்பா கணுக்கால்வரை நின்று மடையைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். நான் மறுநாளே ரயில் ஏறினேன். யாரும் இன்னும் ரெண்டு நாள் இரு என்று சொல்லவில்லை.

பயிர் பிழைத்துவிட்டது. தை கடைசியில் மிஷின் வைத்து அறுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்த குறைதீர் கூட்டத்துக்கு அப்பா வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனாராம். சம்பாவுக்கு அடுத்துப் போட்ட உளுந்துக்கு ஒரு தண்ணீர் வேண்டும் என்று மைக்கைப் பிடித்திருக்கிறார். பொறியாளர் பதில் சொல்லவே அவசியம் வரவில்லையாம். பின்னாலிருந்து யாரோ போனில் சத்தமாகப் போட்டிருக்கிறார்கள். எங்க வாய்க்கால்ல ஒரு நாளும் தண்ணிய மறிச்சதில்ல, முறைப்படிதான் விடுறாங்க. அவர் குரல்தான், அதே கணீரென்று. போட்டவன் தலைப்புக்காரன்கூட இல்லை, எங்களுக்குப் பக்கத்து வயல்காரன். எங்க எல்லாருக்கும் சேத்து நீ எப்படிப் பேசப்போச்சு என்று அவன் கேட்டானாம். அப்பா இப்போது கூட்டத்துக்குப் போவதில்லை. கடைமடைக்கு அவன்தான் போய்ப் பேசுகிறான்.

இதையெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா என்னோடு பேசியது எனக்கு வேலை கிடைத்த பிறகுதான். ஆற்று நீரைப் பங்கிடுவது குறித்து அரசாங்கங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு அலுவலகம். நேர்முகத்துக்குப் போனபோது அவர்கள் என் காணொளியை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். கள அறிவு இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

"வேல கெடச்சிருச்சாமே. சந்தோஷம்மா" என்றார் அப்பா.

"சேர்றதுக்கு முன்னாடி சித்திரையில வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்ப்பா."

"வேணாம்."

"இன்னும் கோவமாப்பா?"

"கோவம்லாம் இல்ல." மாட்டுக்கு யாரோ தண்ணீர் காட்டுகிற வாளிச் சத்தம் போனில் கேட்டது. "வருசா வருசம் நான் அவங்ககிட்டதாம்மா போய் நிக்கணும். நீ ஊருக்கு வந்திருக்கன்னு தெரிஞ்சா உன்னையும் கூட்டியாரச் சொல்லுவாங்க. நீ வந்து உள்ளத சொல்லிப்புடுவ. எனக்குத் தண்ணி வேணும்மா."

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. இந்த வருடமும் சம்பா நன்றாக விளைந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள்.